ஊமை பிராமுடைய பித்தளை வில்லை

சீரிக்சே துறைமுக வாயிலில் உள்ள தூக்குப் பாலத்தை 1951ஆம் ஆண்டு முதல் தூக்கி இறக்கியவர் கிரைன் பிளிக்வேர்ட். படகு வந்தால் மணி அடிப்பார், சிவப்பு விளக்கைப் போடுவார், சக்கரத்தைச் சுழற்றுவார். படகு கடந்து போகும்போது, தூண்டில் கம்பின் நுனியில் கட்டிய மரச்செருப்பை மாலுமியின் மூக்குக்கு நேரே இறக்குவார். பாலக் காசு அதில் விழும். இத்தனையும் நடந்து முடிய அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டதே அதற்காகத்தான்.

கிரைனுக்குத் திக்குவாய். லேசான திக்கல் அல்ல. உதட்டை ஒட்ட வைத்துச் சொல்லும் எழுத்தாக இருந்தால் உதடு ஒட்டியபடியே நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், கேட்பவர்கள் தரையைப் பார்க்கத் தொடங்குவார்கள். பள்ளியில் ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டால் 'பிரசென்ட்' என்று சொல்ல வேண்டும். கிரைன் 'ப்' என்று உதட்டைச் சேர்த்துக்கொண்டு நிற்கும்போதே ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஒரு பருவத்தின் முடிவில், பாதி நாள் பள்ளிக்கு வரவில்லை என்று வீட்டுக்கு அறிக்கை வந்தது. அப்பா பெல்ட்டை எடுத்தார். அந்தப் பருவத்தில் கிரைன் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. அதையும் அவரால் சொல்ல முடியவில்லை.

மரச்செருப்பில் விழுந்ததெல்லாம் காசு அல்ல. அவசரத்தில் போகும் மாலுமிகள் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போனார்கள். நடுவில் ஓட்டை போட்ட டென்மார்க் காசு, ரோட்டர்டாம் கப்பல் பட்டறையின் காப்பி டோக்கன், கால்சட்டைப் பொத்தான், நாய் வரி கட்டியதற்கான தகர வில்லை என்று என்னென்னவோ விழுந்தன. நகராட்சிப் பெட்டியில் இவற்றைப் போட முடியாது. கிரைன் தன் பையிலிருந்து ஈடுகட்டிவிட்டு இவற்றை வீட்டுக்கு எடுத்துப் போவார். அவருடைய சேகரிப்பு இப்படித்தான் தொடங்கியது. தங்கமோ வெள்ளியோ அதில் இருந்ததில்லை.

ஒரு நாள் பெல்ஜியத்துப் படகுக்காரன் ஒருவன் தேய்ந்த பித்தளை வில்லை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். ஒரு பக்கம் இரண்டு ஆட்கள் ஒரு கழியில் பீப்பாயைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து போகிறார்கள். மறு பக்கம் யாரோ அரத்தால் சுரண்டியிருந்தார்கள். கிரைன் அதைக் கடிகாரம் பழுதுபார்க்கும் டிங்கமானிடம் கொண்டுபோனார். ஊர் நாணயச் சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். டிங்கமான் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது காசு இல்லப்பா. சாவுக்குப் போனதுக்குச் சாட்சி."

கிரைன் புருவத்தைத் தூக்கினார்.

"பீர் பீப்பாய் சுமக்குறவங்க சங்கம் ஒண்ணு இந்த ஊர்ல இருந்துச்சு. எரநூறு வருஷம் முந்தி. அதுல ஒருத்தன் செத்தா மத்தவன் எல்லாரும் அடக்கத்துக்கு வந்தே ஆகணும். வந்தவன் தன் பேர் வெட்டுன வில்லைய வாசல்ல இருக்குற பெட்டில போடணும். சாயங்காலம் பெட்டியத் திறந்து பாப்பாங்க. எவன் வில்லை இல்லையோ அவனுக்கு அபராதம். அவனே செத்துட்டா பேரச் சுரண்டிட்டு அடுத்தவன் பேர வெட்டிருவாங்க."

"அ... அப்ப பேரக் கூ... கூப்பிட மாட்டாங்களா?"

"எதுக்குக் கூப்பிடணும்? வந்தேன்னு வில்லையே சொல்லிருதே!"

கிரைன் அந்த வில்லையைத் திரும்ப வாங்கிக் கையை மூடிக்கொண்டார். அடுத்த மாதம் நாணயச் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கத்தை ஆரம்பித்த மூன்று பேரில் இரண்டு பேர் மீன் வியாபாரிகள். அதனால் மாதாந்தர ஏலமும் மீன் ஏலம் போலவே நடந்தது. அங்கே விலை ஏறாது, இறங்கும். ஏலக்காரர் உச்ச விலையில் தொடங்கி மளமளவென்று குறைத்துக்கொண்டே வருவார். எந்த விலையில் ஒருவர் முதலில் 'மெய்ன்' என்று கத்துகிறாரோ, அந்த விலைக்குப் பொருள் அவருக்கு. மெய்ன் என்றால் எனது. முந்திக் கத்தினால் காசு வீணாகும், பிந்தினால் பொருள் இன்னொருவருடையது. கத்தியவர் தன் உறுப்பினர் எண் பொறித்த சிறிய தகர வட்டை மேசையில் இருக்கும் சுருட்டுப் பெட்டிக்குள் போட வேண்டும். வட்டு விழுந்தால் வியாபாரம் முடிந்தது. ஏலக்காரர் உட்பட யாரும் அதற்குப் பிறகு பேச்சை மாற்ற முடியாது. கிரைனுக்குக் கிடைத்த எண் முப்பத்தொன்று.

மெய்ன் என்ற சொல்லுக்கு உதடு ஒட்ட வேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேல் அவர் ஒரு பொருளையும் தன் வாயால் வாங்கவில்லை. அவர் 'ம்' என்று உதட்டை மூடும்போது விலை நூறில் இருக்கும். திறப்பதற்குள் வேறு யாராவது கத்தியிருப்பார்கள். பெரும்பாலும் அது கசாப்புக் கடை லேன்டர்ட். யாருமே கத்தாமல் அடிமட்டத்துக்கு வந்த பொருளை மட்டும் ஏலக்காரர் பட்மோஸ் கையில் வைத்துக்கொண்டு, "இது கிரைனுக்கா?" என்பார். கிரைன் தலையை ஆட்டிவிட்டு வட்டைப் போடுவார்.

அடிமட்டத்துக்கு வந்தவை எல்லாம் சுரண்டிய வில்லைகள்தான். பெயர் அழிந்த வில்லை மற்றவர்களுக்கு வேண்டாம். கிரைன் அவற்றை மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்துச் சுரண்டலுக்கு அடியில் இருக்கும் பெயரைத் தேடுவார். சிலவற்றில் மூன்று பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

"கையத் தூக்குனாலே போதும், உனக்காக விதிய மாத்திக்கலாம்" என்று டிங்கமான் ஒருமுறை சொன்னார்.

லேன்டர்ட் அதற்கும் மேலே போனார். "நீ என் கால மிதி, நான் உனக்காகக் கத்துறேன். ஆனா என் கால்ல ஆணி, பாத்து மிதிக்கணும்."

கிரைன் இரண்டையும் மறுத்துவிட்டார். "எ... எல்லாருக்கும் என்னவோ அதான் எனக்கும்."

"அப்ப சரி. நீ இப்பவே 'ம்'முன்னு ஆரம்பிச்சு வையி. அடுத்த மாச ஏலத்துக்குச் சரியா இருக்கும்" என்றார் லேன்டர்ட்.

அறை சிரித்தது. கிரைனும் சிரித்தார். வீட்டுக்குப் போன பிறகு மனைவி பீட்டர்நெல்லிடம் அதைச் சொல்லவில்லை.

டிங்கமானிடம் ஒரு வில்லை இருந்தது. பீர் சுமப்போர் சங்கத்தின் வில்லைகளில் முதல் பெயரே சுரண்டப்படாமல் தப்பியது அது ஒன்றுதான். முன்புறம் வழக்கமான பீப்பாய். பின்புறம் நான்கே வரி: ஊமை, பிராம், சுமப்பவன், 1741. டிங்கமான் எப்போதாவது அதை எடுத்துக் கிரைனின் கையில் வைப்பார்.

"ஏன் இத மட்டும் சுரண்டல தெரியுமா? ஊமையோட வில்லை ராசியில்லன்னு அடுத்தவன் வாங்கியிருக்க மாட்டான்."

அந்த விளக்கம் கிரைனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு விளக்கமும் அவரிடம் இல்லை. ஒவ்வோர் அடக்கத்துக்கும் பிராம் நடந்து போயிருப்பான். வாசலில் நின்று இதைப் பெட்டியில் போட்டிருப்பான். சாயங்காலம் பெட்டியைத் திறந்தவர்கள் பிராம் வந்திருந்தான் என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். கிரைனுக்கு அவ்வளவு போதும். வில்லையின் விளிம்பு அங்கங்கே நசுங்கியிருந்தது. எத்தனை முறை அது பெட்டியில் விழுந்ததோ.

1986ஆம் ஆண்டு செப்டம்பரில் டிங்கமான் இறந்தார். இறந்த உறுப்பினரின் சேகரிப்பைச் சங்கத்துக்குள்ளேயே ஏலம் விட வேண்டும் என்பது விதி. அவர் மனைவி யாகொமினாவும் அதற்குச் சம்மதித்தார். நவம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகலுக்கு நாள் குறித்தார்கள்.

லேன்டர்ட் கடைவாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "ஊமை எனக்குத்தான். சுமப்போர் வரிசைல அது ஒண்ணுதான் என்கிட்ட பாக்கி. எரநூத்தம்பது வரைக்கும் போவேன்."

இது கிரைனின் காதுக்கு வந்தது. அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பீட்டர்நெல்லின் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு அது வே... வேணும். என் வாயால வேணும்."

பீட்டர்நெல் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். "சரி, செஞ்சு பாப்போம். நான் பட்மோஸ். நீ நீ. நானூறு, முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு, முந்நூத்தித் தொண்ணூறு..."

கிரைன் உதட்டை மூடினார். சொல் வந்து விழும்போது அவள் நூற்றெண்பதில் இருந்தாள். திரும்பச் செய்தார்கள். நூற்றெழுபது. இன்னொரு நாள் இருநூறு. மூன்று வாரம் கிழங்கு உரிக்கும் நேரமெல்லாம் இதே வேலை. திக்கல் குறையவில்லை. ஆனால் கிரைன் ஒன்றைக் கவனித்தார். திக்கல் எவ்வளவு விலையைத் தின்கிறது என்பது கிட்டத்தட்ட மாறாமல் இருந்தது. எப்போதும் இருநூறு கில்டருக்குக் கொஞ்சம் மேலேதான்.

"அப்ப மு... முன்னாடியே ஆரம்பிச்சா?"

"எப்ப?"

"ப... பட்மோஸ் தொண்டையக் கனைக்கும்போதே."

பட்மோஸ் ஒவ்வொரு பொருளுக்கும் விலையைச் சொல்வதற்கு முன்பு நன்றாகக் கனைத்துக்கொள்வார். ஊரே அறிந்த கனைப்பு அது. பீட்டர்நெல் கனைத்துவிட்டு ஆரம்பித்தாள். கிரைனின் 'மெய்ன்' இருநூற்று அறுபதில் வந்து விழுந்தது. லேன்டர்ட்டின் இருநூற்றைம்பதுக்கு இரண்டு படி மேலே.

"எரநூத்தறுவது. என் சைக்கிளுக்கு வச்ச டப்பாவுல கை வைக்காத வரைக்கும் சரி" என்றாள் பீட்டர்நெல். அவளுடைய சைக்கிள் பழசு. சங்கிலி மூடி சக்கரத்தில் இடித்துக் கடகடவென்று சத்தம் போடும். புதுசுக்கு இரண்டு வருடமாகப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில் இருபத்தைந்து பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். வெளியே மழை, உள்ளே சுருட்டுப் புகையும் ஈரக் கம்பளிக் கோட்டு வாடையும். யாகொமினா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிங்கமானின் நாணயங்கள் ஒவ்வொன்றாகப் போயின. லேன்டர்ட் இரண்டு வெள்ளிப் பதக்கங்களை வாங்கினார். கிரைன் எதற்கும் உதட்டை அசைக்கவில்லை. வலது கைக்குள் தகர வட்டு வியர்த்துக் கிடந்தது.

பட்மோஸ் பித்தளை வில்லையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஊமை பிராம். ஆயிரத்தி எழுநூத்தி நாப்பத்தொண்ணு. சுரண்டல் கிடையாது."

லேன்டர்ட் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

பட்மோஸ் கனைத்தார். கிரைன் உதட்டை மூடினார்.

"நானூறு..."

"மெய்ன்!"

அந்தச் சொல் கூடத்தின் நடுவில் வந்து விழுந்தது. முழுசாக, ஒரு கீறல் இல்லாமல். யார் கத்தியது என்று நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிரைனும் திரும்பிப் பார்த்தார்.

"யாருடா அவன்? நானூறுக்கா?" என்றார் லேன்டர்ட். அதற்குள் பின்வரிசையில் ஒருவர், "யோவ், நம்ம கிரைன்யா!" என்று கூவினார்.

எல்லோரும் கிரைனைப் பார்த்தார்கள். பிறகு கூடம் முழுவதும் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை முதல் அடி வைத்து விழும்போது வீட்டில் எழும் சிரிப்பு. கிரைனுக்குக் காது இரண்டும் சுட்டன. திக்குவதற்காக ஒதுக்கி வைத்திருந்த நேரம் முழுவதும் கையிலேயே மிஞ்சிவிட்டது. மூன்று வாரம் ஒரு நாள்கூட ஏமாற்றாத திக்கல், இன்று பார்த்துக் கைவிட்டுவிட்டது.

பட்மோஸ் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். "சரி சரி. கிரைன், இது வாய் தவறி வந்தது. எல்லாருக்கும் தெரியும். வட்டு இன்னும் விழல, அதனால கணக்குல இல்ல. மறுபடி முதல்லேர்ந்து வரேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஒருவருக்கும் இல்லை.

"வாங்க, வாங்க. இந்தத் தடவ நானும் வாயப் பொத்திக்கிறேன். அவனே வாங்கிக்கட்டும்" என்றார் லேன்டர்ட். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். ஆசைப்பட்ட பொருளை விட்டுக்கொடுக்கும் குரல் அது.

யாகொமினா திரும்பினார். "நானூறெல்லாம் எனக்கு வேணாம் கிரைன். அவர் இருந்திருந்தா உன் கைல சும்மாவே குடுத்திருப்பார்."

"தலைய மட்டும் ஆட்டு, போதும். ஆரம்பிச்சிரலாம்" என்றார் பட்மோஸ்.

எல்லோரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். இனி என்ன நடக்கும் என்று கிரைனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பட்மோஸ் மறுபடி கனைப்பார். விலை இறங்கும். முந்நூறு, இருநூறு, நூறு. இருபத்தைந்து பேரும் அவருக்காக உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் 'ம்' என்று தவிப்பதைத் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசியில் பட்மோஸ் வில்லையைத் தூக்கிப் பிடித்து, இது கிரைனுக்கா என்பார். அவர் தலையை ஆட்டுவார். பிராமுடைய வில்லையும் அந்தச் சுரண்டல் வில்லைகளோடு போய்ச் சேரும்.

வேண்டாம், நான் சொன்னது சொன்னதுதான் என்று சொல்ல எழுந்தார். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அவர்கள் தரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். லேன்டர்ட் தன் ஷூவைப் பார்த்தார்.

கிரைன் பேசும் முயற்சியைக் கைவிட்டார். வரிசைகளுக்கு நடுவே நடந்து மேசைக்குப் போனார். கையைத் திறந்து, முப்பத்தொன்று என்று பொறித்த வட்டைச் சுருட்டுப் பெட்டிக்குள் போட்டார். பெட்டி அநேகமாகக் காலி. சத்தம் நன்றாகக் கேட்டது.

பட்மோஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கிரைனைப் பார்த்தார். தோள்களை நிமிர்த்திக்கொண்டு, மீன் ஏலத்தில் பெரிய வியாபாரிகளுக்குச் சொல்லும் குரலில் சொன்னார்:

"நானூறு. முப்பத்தொண்ணுக்கு."

இடைவேளையில் லேன்டர்ட் ஒரு தட்டில் லவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் காப்பியும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எரநூத்தி அம்பதுக்குக் கத்தலாம்னு குண்டி நுனில உக்காந்திருந்தேன், பாவி மனுஷா. ஒரு மூச்சு விட விட்டியா?" சட்டையில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். "குடு, ஒருதரம் பாத்துட்டுத் தரேன். பயப்படாத, திங்க மாட்டேன்."

கிரைன் கொடுத்தார். லேன்டர்ட் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டில் பீட்டர்நெல் கதவைத் திறந்ததும் கேட்டாள். "வந்துச்சா?"

கிரைன் வில்லையை மேசைமேல் வைத்தார்.

"எவ்வளவுக்கு?"

"நா... நானூறு."

"நானூறா! அப்ப பட்மோஸ் விலையக் கொறைக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டாரே!"

"தி... திக்கல."

பீட்டர்நெல் அவர் முகத்தையே பார்த்தாள். "திக்கலையா? கொஞ்சங்கூடவா?"

அவர் தலையை அசைத்தார்.

"மூணு வாரம் என் அடுப்படில உக்காந்து திக்கித் திக்கி உசுர வாங்குன. அங்க போயி ஒரே ஒரு தடவ திக்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தியவளுக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சமையல் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்துப் பிஸ்கட் டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து அவர் முன்னால் சத்தமாக வைத்தாள். அந்தச் சத்தத்தில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"என் சைக்கிள்?"

"வ... வசந்தத்துல."

"எந்த வருஷத்து வசந்தம்னு சொல்லு, குறிச்சு வச்சுக்கிறேன்."

அது 1988ஆம் ஆண்டு வசந்தமாக ஆயிற்று. அதுவரை பழைய சைக்கிள்தான். வியாழக்கிழமைச் சந்தைக்குப் போகும்போது சங்கிலி மூடியின் கடகடப்பு பாலத்துக்கு வெகு முன்பே கேட்கும். பாலத்தின் நடுவில் வந்ததும் பீட்டர்நெல் கிரைனின் காவலறைச் சன்னலைப் பார்த்து உரக்கக் கத்துவாள்.

"மெய்ன்!"

கிரைன் வாயைத் திறந்து பதில் சொல்லமாட்டார். கைக்கு எட்டும் தூரத்தில் மணிக்கயிறு இருந்தது. ஒருமுறை இழுப்பார். படகு ஒன்றும் வராமலே மணி அடித்துவிட்டதே என்று பால்வண்டிக்காரர் பாலத்தின் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, கால்வாயின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பார்.